பதினாறு வரிகள் நடந்த தூரம்

1922 ஜூன் மாதம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஷாஃப்ட்ஸ்பரி என்றொரு சிற்றூர். அங்கே கல்லால் கட்டிய பழைய வீட்டில் ராபர்ட் ஃப்ராஸ்ட் ஒரு நெடுங்கவிதையோடு இரவு முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கவிதைக்குப் பெயர் 'நியூ ஹாம்ப்ஷயர்'. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது விடிந்திருந்தது. வெளியே வந்து சூரியோதயத்தைப் பார்த்தார். நல்ல கோடைக்காலம். ஆனால் அந்த நேரத்தில் அவர் மனதில் வந்து நின்றவை பனி கொட்டும் ஒரு மாலைப்பொழுதும் சின்னக் குதிரை ஒன்றும். உள்ளே திரும்பிப்போய் உட்கார்ந்து, சில நிமிடங்களில், சிரமம் தெரியாமல் எழுதி முடித்ததாகப் பின்னாளில் சொன்னார். மொத்தம் 16 வரிகள். தலைப்பு 'ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவ்னிங்'.

ஃப்ராஸ்டின் வாழ்க்கையைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அந்த 16 வரிகளின் வாழ்க்கையை. தாளிலிருந்து அச்சுக்குப் போய், அச்சிலிருந்து நீதிமன்ற வாசல் வரை இழுபட்டு, கடைசியில் சம்பளம் வாங்காமல் கவிதை படிக்கும் மனிதர்களின் குரலுக்கு அது வந்து சேர்ந்த வழி, கவிதையை நேசிக்கிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

கவிதையில் நடப்பது மிகக் கொஞ்சம். குதிரை வண்டியில் போகிற ஒருவன் ஆளரவமற்ற காட்டோரம் நிற்கிறான். பனி விழுவதைப் பார்க்கிறான். ஏன் நிற்கிறோம் என்று புரியாத குதிரை தன் சேணத்து மணியை ஆட்டுகிறது. அவனுக்கு அங்கேயே இருந்துவிட ஆசைதான். ஆனாலும் கிளம்பியாக வேண்டும். அவ்வளவுதான் சம்பவம். மிச்சமெல்லாம் ஓசை.

அந்த ஓசை கண்ணால் படித்தால் பிடிபடாது. நான்கு வரிகளுக்கு ஒரு பத்தி. முதல், இரண்டாம், நான்காம் வரிகள் ஒரே இயைபில் முடியும். மூன்றாம் வரி மட்டும் வேறு ஓசையோடு தனித்து நிற்கும். அந்தத் தனித்த ஓசை அடுத்த பத்திக்குத் தாவி, அங்கே மூன்று வரிகளைப் பிடித்துக்கொள்ளும். நம் அந்தாதியில் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டுக்குத் தொடக்கமாகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஒரு தொடுப்பு. இப்படித் தொடுத்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது? கடைசிப் பத்தியிலும் மூன்றாம் வரி புது ஓசையைக் கொண்டுவந்தால் இன்னொரு பத்தி எழுத வேண்டிவரும். ஃப்ராஸ்ட் கடைசிப் பத்தியில் மூன்றாம் வரியையே நான்காம் வரியாகத் திரும்ப வைத்து முடித்தார். எழுத்தில் இரண்டும் ஒரே வரி. வாய்விட்டுச் சொல்லும்போது இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. முதல் முறை சொல்லும்போது அது வழித்தூரத்தைப் பற்றிய தகவல். இரண்டாம் முறை அது வேறு ஏதோவாகிவிடுகிறது. களைப்பா, தீர்மானமா, சாவைப் பற்றிய நினைப்பா என்பதைப் படிக்கிறவரின் குரல்தான் முடிவு செய்யும். இந்தக் கவிதைக்கு ஒரு குரல் போதாது என்று நான் நம்புவதற்குக் காரணம் அந்த இரண்டு வரிகளே.

1923 மார்ச் 7 அன்று 'தி நியூ ரிபப்ளிக்' இதழில் கவிதை வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் ஹென்றி ஹோல்ட் நிறுவனம் 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பை வெளியிட்டது, ஜே. ஜே. லாங்கஸ் செதுக்கிய மரச்செதுக்குப் படங்களும் அதில் இருந்தன. 1924இல் அந்தத் தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ஃப்ராஸ்ட் வாங்கிய நான்கு புலிட்சர்களில் முதலாவது அதுதான். அச்சான நாளிலிருந்தே பதிப்புரிமைக் கணக்கும் ஓடத் தொடங்கியது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி முதலில் 28 ஆண்டு, புதுப்பித்தால் இன்னொரு 28 ஆண்டு. அதாவது 1979இல் இந்தக் கவிதை எல்லோருடைய சொத்தாகியிருக்க வேண்டும்.

அதற்குள் கவிதை எங்கெங்கோ போய்விட்டது. 1959இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹர்ஸ்ட் நகரம் தன் 200ஆம் ஆண்டு விழாவுக்காக ராண்டால் தாம்ப்சன் என்ற இசையமைப்பாளரைக் கேட்டுக்கொள்ள, அவர் ஃப்ராஸ்டின் ஏழு கவிதைகளைக் குழுப்பாடலாக்கினார். 'ஃப்ராஸ்டியானா' என்ற அந்தத் தொகுப்பில் இதுவும் உண்டு. அரங்கேற்றத்தின்போது கவிஞரே அவையில் இருந்தார். 1960 தேர்தல் பிரசாரத்தில் ஜான் கென்னடி கூட்டத்தை முடித்துக் கிளம்பும்போது கவிதையின் கடைசி வரிகளைச் சொல்வது வழக்கம். 1963 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டு, உடல் வெள்ளை மாளிகைக்கு வந்து சேர்ந்த விடியற்காலையில், வானொலிச் செய்தியாளர் சிட் டேவிஸ் நேரலைச் செய்தியை இந்தக் கவிதை வரிகளோடு முடிக்கப் போய்த் தொண்டை அடைத்துத் திணறினார். ஃப்ராஸ்ட் அதே ஆண்டு ஜனவரியில் காலமாகியிருந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் டெல்லியில் நேரு மறைந்தபோது, இதே கவிதையின் கடைசி நான்கு வரிகளை அவர் தன் கைப்பட எழுதி அருகிலேயே வைத்திருந்தது தெரியவந்தது. இந்தியாவில் பள்ளிக்கூடம் போன பலருக்கு இந்தக் கவிதை தெரிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்தனை பேர் வாயில் புழங்கிய கவிதை, சட்டப்படி பூட்டிய பெட்டிக்குள்தான் இருந்தது. 1976இல் வந்த புதிய சட்டம் 56 ஆண்டை 75 ஆண்டாக்கியது. 1979 போய், 1998 டிசம்பர் 31 என்று கெடு மாறியது. அந்தக் கெடுவுக்காக ஒருவர் காத்திருந்தார்.

அவர் பெயர் எரிக் எல்ட்ரெட். கணினி நிரல் எழுதி ஓய்வுபெற்றவர். நியூ ஹாம்ப்ஷயரில் டெர்ரி என்ற ஊர்க்காரர். ஃப்ராஸ்ட் 1900 முதல் 1911 வரை கோழிப்பண்ணை வைத்துக் குடும்பம் நடத்தியதும் அதே டெர்ரியில்தான். எல்ட்ரெட்டின் மகள்களுக்கு நத்தானியல் ஹாதார்னின் எழுத்து பிடிக்கவில்லை. அதைச் சுவையாகக் கொடுத்துப் பார்க்கலாமே என்று 1995இல் ஹாதார்னின் நூலைப் படங்களோடும் விளக்கங்களோடும் இணையத்தில் போட்டார். அதுவே உரிமை முடிந்த பழைய நூல்களுக்கான இலவச நூலகமாக வளர்ந்தது. 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பு விடுதலையானதும் அதையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் திட்டம். சொந்த மாநிலத்தின் பெயர் தாங்கிய நூல், சொந்த ஊரில் வாழ்ந்த கவிஞர். ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

1998 அக்டோபர் 27 அன்று அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பாடகராக இருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான, அந்த ஆண்டின் தொடக்கத்தில் மறைந்த சானி போனோவின் பெயர் தாங்கிய சட்டம். மிக்கி மவுஸைக் காப்பாற்றத்தான் இது வந்தது என்று மக்கள் அதற்கு வேறு பெயரும் வைத்தார்கள். பழைய நூல்களின் உரிமையை அது மேலும் 20 ஆண்டு நீட்டியது. ஃப்ராஸ்டின் கவிதை வெளியே வர மிச்சமிருந்தது இரண்டு மாதம் சொச்சம். அது 2018 டிசம்பர் 31க்குத் தள்ளிப்போனது. எழுதியவர் இறந்து 35 ஆண்டு ஆகியிருந்தது. இன்னும் 20 ஆண்டு உரிமை தருகிறோம் என்றால் அதனால் அவர் புதிதாக ஒரு வரியாவது எழுதப்போகிறாரா? அந்தச் சட்டத்தை நியாயப்படுத்தச் சொன்ன எந்தக் காரணமும் எனக்கு இன்றுவரை ஏற்கும்படியாக இல்லை.

எல்ட்ரெட் வழக்குப் போட்டார். சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக் அவருக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 2002 அக்டோபரில் வாதாடினார். 2003 ஜனவரி 15 அன்று தீர்ப்பு வந்தது. ஏழு நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள்; இரண்டு பேர் மறுத்தார்கள். கவிதை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

தோற்ற வழக்கு சில சமயம் வென்ற வழக்கைவிட அதிகம் சாதிக்கும். லெசிக் 2004இல் 'ஃப்ரீ கல்ச்சர்' என்ற நூலை எழுதினார். எல்ட்ரெட்டின் கதையும், ஃப்ராஸ்டின் தொகுப்பு பூட்டப்பட்ட கதையும் அதில் உண்டு. நூலை வியாபார நோக்கமில்லாமல் யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார். ஏ. கே. எம். ஆடம் என்ற பாதிரியாருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆளுக்கொரு அத்தியாயம் எடுத்துக்கொண்டு இதை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்வோமா என்று கேட்டார். சில நாட்களிலேயே பலர் கை உயர்த்தினார்கள். முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து ஒரு முழு நூலைக் குரலாக்கிக் காட்டினார்கள்.

அடுத்த ஆண்டு, 2005 ஆகஸ்டில், கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹ்யூ மக்வயர் என்ற எழுத்தாளர் லிப்ரிவாக்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். பதிப்புரிமை முடிந்த நூல்களையெல்லாம் தன்னார்வலர்கள் படிப்பது, ஒலிப்பதிவை யாருக்கும் இலவசமாகக் கொடுப்பது, இதுதான் நோக்கம். முதல் நூல் ஜோசப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஏஜென்ட்'. அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டு படித்தார்கள். இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட தலைப்புகள் இருக்கின்றன. விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. ஒலிக்கோப்புகளைத் தாங்கி நிற்பது ப்ரூஸ்டர் கேல் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய இன்டர்நெட் ஆர்க்கைவ். படிக்கிற நூல்களில் பெரும்பகுதி புராஜெக்ட் குட்டன்பர்க்கிலிருந்து வருகிறது. அதைத் தொடங்கிய மைக்கேல் ஹார்ட், 1971இல் இல்லினாய் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தன் கையால் தட்டச்சு செய்தவர். ஒருவர் தட்டச்சு செய்கிறார், ஒருவர் இடம் கொடுக்கிறார், ஒருவர் படிக்கிறார். யாரும் யாருக்கும் பில் அனுப்புவதில்லை.

ஃப்ராஸ்டின் இந்தக் கவிதை மட்டும் வெளியிலேயே நின்றது. அவருடைய 'தி ரோட் நாட் டேக்கன்' முதலிய முந்தைய கவிதைகள் 1916 தொகுப்பில் வந்தவை. அவற்றைப் படிக்கத் தடை இல்லை. 1923க்கு அந்தச் சலுகை கிடையாது. இதில் ஒரு வேதனையான முடிச்சும் உண்டு. கனடாவில் அப்போது ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரைதான் உரிமை. ஃப்ராஸ்ட் மறைந்தது 1963; ஆகவே 2014 ஜனவரி முதல் மான்ட்ரியால் தெருவில் நின்று யார் வேண்டுமானாலும் இந்தக் கவிதையைப் பதிவு செய்யலாம். ஆனால் லிப்ரிவாக்ஸின் கோப்புகள் இருப்பது அமெரிக்காவில். அமெரிக்கச் சட்டத்தில் பொதுச்சொத்தானதை மட்டுமே படிப்பது என்பது அவர்களின் உறுதியான விதி. மான்ட்ரியாலில் பிறந்த அமைப்பு, அங்கே விடுதலையான கவிதையைத் தொட முடியாமல் மேலும் ஐந்து ஆண்டு காத்திருந்தது. அந்த விதியை நான் மதிக்கிறேன். திருட்டு என்று யாரும் விரல் நீட்ட முடியாதபடி தூய்மையாக இருந்ததால்தான் அந்த அமைப்பு நிலைத்தது.

அந்த இடைவெளியில் கவிதையின் தடத்தைத் தொடர்ந்துபோனால் இன்னொரு சம்பவம் கண்ணில் படுகிறது. எரிக் விட்டேகர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இந்தக் கவிதைக்குக் குழுப்பாடலாக மெட்டமைத்தார். 2000இல் அரங்கேறவும் செய்தது. பிறகுதான் ஃப்ராஸ்டின் உரிமையாளர்கள் அனுமதி தர மறுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. மெட்டைத் தூக்கிப்போட மனமில்லாமல் தன் நண்பரான கவிஞர் சார்ல்ஸ் ஆன்டனி சில்வெஸ்ட்ரியிடம் போனார். அதே அசைக்கணக்கில், அதே மெட்டில் உட்காரும்படி புதிய சொற்களை அவர் எழுதித் தந்தார். 'ஸ்லீப்' என்று அந்தப் பாட்டு உலகம் சுற்றியது. 2011இல் 58 நாடுகளிலிருந்து 2,000க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே பாடிப் பதிவு செய்து அனுப்ப, எல்லாக் குரல்களையும் சேர்த்து ஒரே பாட்டாக்கினார்கள். ஃப்ராஸ்டின் கவிதைக்காகப் பிறந்த மெட்டை இரண்டாயிரம் தொண்டைகள் பாடின. அதில் ஃப்ராஸ்டின் ஒரு சொல்கூட இல்லை. சில்வெஸ்ட்ரியின் வரிகள் நல்ல வரிகள்தான். ஆனால் கவிதைக்கு நடந்தது அநியாயம்.

2019 ஜனவரி 1 பிறந்தது. 1923இல் அமெரிக்காவில் வெளியான நூல்கள், கவிதைகள், படங்கள் எல்லாம் ஒரே நாளில் பொதுச்சொத்தாயின. 21 ஆண்டுகளுக்குப் பிறகு அப்படியொரு புத்தாண்டு. 'நியூ ஹாம்ப்ஷயர்' தொகுப்பும் அதில் அடக்கம். நம் நாட்டுச் சட்டத்தில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை. அந்தக் கணக்கில் பார்த்தாலும் 2023 முடிவோடு தீர்ந்துவிட்டது.

இனி இந்தக் கவிதையை ஒருவர் படித்துக் கொடுப்பது எப்படி என்று பார்ப்போம். ஏனென்றால் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

முதலில் எந்தப் பதிப்பைப் பார்த்துப் படிப்பது என்ற கேள்வி. கடையில் கிடைக்கிற ஃப்ராஸ்ட் தொகுப்பை எடுத்துப் படித்துவிட முடியாது. 1969இல் எட்வர்ட் கானரி லேதம் என்ற பதிப்பாசிரியர் ஃப்ராஸ்டின் மொத்தக் கவிதைகளையும் தொகுத்தார். நிறுத்தக்குறிகளை அங்கங்கே தன் விருப்பப்படி திருத்தினார். இந்தக் கவிதையின் கடைசிப் பத்தி, காட்டை மூன்று அடைமொழிகளால் விவரித்துத் தொடங்கும். ஃப்ராஸ்ட் வைத்தது ஒரே ஒரு காற்புள்ளி, முதல் அடைமொழிக்குப் பிறகு. லேதம் இரண்டாவதற்குப் பிறகும் ஒன்றைச் செருகினார். கவிஞர் டொனால்ட் ஹால் முதலியோர் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள்.

ஒரு காற்புள்ளிக்கா இவ்வளவு சண்டை என்று கேட்பவர்கள் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஃப்ராஸ்ட் எழுதியபடி சொன்னால், முதல் அடைமொழியில் ஒரு நிறுத்தம்; பின்னால் வரும் இரண்டும் ஒரே மூச்சில் சேர்ந்து வந்து, முதலாவதற்கு விளக்கமாகின்றன. காடு ஏன் அழகு என்றால், அது இருட்டாகவும் ஆழமாகவும் இருப்பதால் அழகு. கூடுதல் காற்புள்ளியோடு சொன்னால் மூன்றும் சமமான மூன்று குணங்களாகி வரிசையில் நிற்கும். அந்த மனிதன் ஏன் அங்கே நின்றான் என்ற காரணமே கைநழுவிப்போகும். லிப்ரிவாக்ஸ் தன்னார்வலருக்குச் சட்டம் அனுமதிப்பது 1923 பதிப்பை. இந்த ஒரு விஷயத்தில் சட்டமும் கவிதையும் ஒரே பக்கம் நிற்கின்றன.

அடுத்தது இடம். ஸ்டுடியோ யாரிடமும் இல்லை. துணி அடுக்கிய அலமாரிக்குள் தலையை நுழைத்துப் படிப்பவர்கள் உண்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு படிப்பவர்கள் உண்டு. துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் காதுக்குப் பழகிப்போய்த் தெரியாது, மைக்குக்குத் தெரியும். பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். புதிதாக வருகிறவர் முதலில் ஒரு நிமிடம் படித்துச் சோதனைப் பதிவு அனுப்ப வேண்டும். அது குரல் தேர்வு கிடையாது. மைக் ஒழுங்காக இருக்கிறதா, சத்தம் போதுமா என்று பார்ப்பதற்கு மட்டும். கோப்பு எம்பி3 ஆக, 128 கேபிபிஎஸ் தரத்தில், ஒற்றைத் தடத்தில் இருக்க வேண்டும். ஒலியளவு 89 டெசிபலை ஒட்டி இருக்க வேண்டும். தொடக்கத்தில் இது லிப்ரிவாக்ஸ் பதிவு, பொதுச்சொத்து என்ற அறிவிப்பு. பிறகு தலைப்பு, கவிஞர் பெயர், கவிதை. முடிவில் ஐந்து விநாடி மௌனம். 16 வரியை நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்கு முன்னே பின்னே ஆகும். கோப்பின் எடை ஒரு எம்பிக்குச் சற்று அதிகம்.

அங்கிருந்து அது 'ப்ரூஃப் லிசனர்' என்பவரிடம் போகிறது. அவரும் தன்னார்வலர்தான். நூலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேட்பார். ஒரு சொல் விட்டுப்போயிருந்தால், ஒரு வரி இரண்டு முறை வந்திருந்தால், நடுவில் கதவு சாத்தும் சத்தம் கேட்டால், எத்தனையாவது விநாடியில் என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். (இந்தக் கவிதையில் ஒரே வரி இரண்டு முறை வருவதுதான் சரி என்பதை அவர் தெரிந்திருக்க வேண்டும்.) உச்சரிப்பு வட்டாரச் சாயலோடு இருக்கிறது, படிக்கும் பாணி பிடிக்கவில்லை என்றெல்லாம் அவர் சொல்லக் கூடாது. படித்தவரே கேட்டுக்கொண்டால் ஒழிய யாரும் யாருடைய பாணியையும் விமர்சிப்பதில்லை என்பது அங்கே எழுதி வைத்த விதி.

இந்த விதியைப் பலர் குறை சொல்வார்கள். தரம் கெடுகிறதே என்பார்கள். சில பதிவுகள் தட்டையாக இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அந்த விதி இல்லாவிட்டால் கவிதை மறுபடி நாலு நல்ல குரல்காரர்களின் சொத்தாகிவிடும். லிப்ரிவாக்ஸில் 'வாரக் கவிதை' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு கவிதையை ஒரு வாரத்துக்குப் பொதுவில் வைப்பார்கள். வருகிறவர் எல்லோரும் அதையே படிப்பார்கள். வந்த எல்லாப் பதிவுகளையும் ஒரே தொகுப்பாக வெளியிடுவார்கள். டெக்சஸ்காரர் ஒரு மாதிரி இழுப்பார், ஸ்காட்லாந்துக்காரர் ஒரு மாதிரி வெட்டுவார், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார். திரும்ப வரும் கடைசி வரி இருக்கிற கவிதைக்கு இதைவிடப் பொருத்தமான வீடு எது? அச்சில் ஒரே முகத்தோடு இருக்கிற இரண்டு வரிகளுக்கு ஒவ்வொருவரும் ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

ஃப்ராஸ்டின் சொந்தக் குரலே ஒலித்தட்டுகளில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கரகரப்பான, அவசரமில்லாத குரல். ஆனால் 1950களில் அவர் கொடுத்த வணிக ஒலித்தட்டுகள் அமெரிக்கச் சட்டப்படி 2060களில்தான் விடுதலையாகும். கவிதை வெளியே வந்துவிட்டது, கவிஞரின் குரல் இன்னும் உள்ளே. அதுவரை அந்த இடத்தை நிரப்புவது இந்தச் சாதாரணக் குரல்களே.

படித்துக் கொடுத்த பிறகு அந்தப் பதிவின்மேல் படித்தவருக்கும் எந்த உரிமையும் இல்லை. அதையும் பொதுச்சொத்தாக அறிவித்துவிடுகிறார்கள். யாரும் நகலெடுக்கலாம், குறும்படத்துக்குப் பின்னணியாக வைக்கலாம், காசுக்கும் விற்கலாம். விற்கவும் செய்கிறார்கள். இப்படிக் கொடுத்த குரல்கள் யாரும் எதிர்பாராத இடத்துக்கும் போயின. 2015இல் ஆராய்ச்சியாளர்கள் லிப்ரிவாக்ஸ் பதிவுகளிலிருந்து சுமார் 1,000 மணி நேரப் பேச்சை எடுத்து 'லிப்ரிஸ்பீச்' என்ற தரவுத் தொகுப்பை உருவாக்கினார்கள். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் உலகமெங்கும் அதைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். அலமாரிக்குள் போர்வை போர்த்திப் படித்தவர்களின் குரல்தான் இயந்திரத்துக்குக் காது கொடுத்தது. அதே இயந்திரம் இன்று கவிதையைத் தானே படித்துக் காட்டுகிறது. லிப்ரிவாக்ஸ் அதை ஏற்பதில்லை. மனிதக் குரல் மட்டுமே வேண்டும் என்கிறார்கள். சரியான முடிவு. கடைசி வரியை இரண்டாம் முறை சொல்லும்போது அதற்குள் எதை வைப்பது என்று முடிவெடுக்க, களைத்துப்போன நாட்கள் சிலவற்றையாவது வாழ்ந்திருக்க வேண்டும்.

குரலுரிமைக்காகக் கவிதை தவித்த கதை நமக்கும் அந்நியமில்லை. பாரதியின் பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவும் திரையில் பாடவுமான உரிமை கைமாறிக் கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்த காலம் உண்டு. பாரதியை மக்களுக்குக் கொடு என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளர்ந்தெழ, 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளை ஏற்றது. செட்டியாரும் தன் வசம் இருந்ததை விட்டுக்கொடுத்தார். சில ஆண்டுகளில் பாரதி எல்லோருக்கும் பொதுவானார். ஃப்ராஸ்டின் வாசகர்கள் 2019 வரை காத்திருந்ததைத் தமிழர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு வாங்கிவிட்டோம்.

வாங்கியதை என்ன செய்தோம் என்பதுதான் கேள்வி. 1998இல் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தால் எழுத்து வடிவில் பழந்தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைத் தட்டச்சு செய்ததும் பிழை திருத்தியதும் தன்னார்வலர்கள்தான். குரல் வடிவில் அதே அளவுக்கு நாம் செய்யவில்லை. பாரதியின் 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகம் 1912இல் அச்சானது, 'கண்ணன் பாட்டு' 1917இல். இரண்டும் அமெரிக்கச் சட்டக் கணக்கிலும் பொதுச்சொத்து. லிப்ரிவாக்ஸ் எந்த மொழியையும் ஏற்கிறது. தேவைப்படுவது படிக்கத் தமிழர் ஒருவர், நூலை வைத்துக்கொண்டு கேட்டுச் சரிபார்க்கத் தமிழர் இன்னொருவர். திருநெல்வேலிப் பேச்சோ கோவைப் பேச்சோ யாழ்ப்பாணப் பேச்சோ, எந்தச் சாயலுக்கும் அங்கே தடை இல்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வாய்விட்டுக் கவிதை படிக்கும் பழக்கம் இருந்தால், இந்த வாரம் ஒரு நிமிடச் சோதனைப் பதிவு செய்து அனுப்புங்கள். ஃபேனை நிறுத்த மறக்காதீர்கள்.